வீவக வீட்டுல இருந்துக்கிட்டே டெலஸ்கோப்புல வானம் பாக்கிறது எப்படி: சிங்கப்பூர்ல புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

சிங்கப்பூர்ல டெலஸ்கோப் வாங்கப் போறேன்னு யார்கிட்ட சொன்னாலும் வர்ற முதல் பதில் "இங்க நிலாவத் தவிர என்ன தெரியும்" அப்டிங்கிறதுதான். அதுல பாதி உண்மை. 2016ல வந்த உலக ஒளி மாசு அட்லஸ்ல மொத்த நாடுமே வெளிச்சத்துல மூழ்கிக் கிடக்குன்னு முதல் இடத்துல போட்டது நம்ம சிங்கப்பூரத்தான், இங்க யாரு கண்ணும் இருட்டுக்கு முழுசா பழக முடியாதாம். அதனால பால்வீதி, கேலக்ஸி, கலர் கலரா நெபுலா (வானத்துல இருக்கிற வாயு, தூசு மேகம்) இதெல்லாம் பிளாக் கீழ நின்னு பாக்கலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

மீதி பாதிய யாரும் சொல்றதில்ல. நாம இருக்கிறது பூமத்திய ரேகைக்கு ஒன்னேகால் டிகிரி வடக்க, அதனால வட வானம் தென் வானம் ரெண்டுமே நமக்கு வரும், லண்டன்காரனுக்கு தென்சிலுவை கிடையாது, சிட்னிகாரனுக்கு சப்தரிஷி மண்டலம் ஒழுங்கா கிடையாது, நமக்கு ஒரே ராத்திரியில ரெண்டும் உண்டு. அதுக்கு மேல, வியாழன் சனி மாதிரி கிரகமெல்லாம் எந்த வருஷமா இருந்தாலும் உச்சிக்கு வரும்போது கிட்டத்தட்ட நம்ம தலைக்கு மேலதான் நிக்கும், 60 டிகிரிக்குக் கீழ இறங்காது. தலைக்கு மேல இருந்தா அந்த வெளிச்சம் கொஞ்சக் காத்தைத்தான் தாண்டி வரணும், இங்க காத்தும் ராத்திரியில பெரும்பாலும் அமைதியா இருக்கும், அதனால படம் ஆடாம நிக்கும். கிரகத்தப் படம் எடுக்கிறவங்களுக்கு சிங்கப்பூர் வானம் நல்ல வானம். ஆக இங்க ஆரம்பிக்கிறவங்க குறி வைக்க வேண்டியது நிலா, கிரகம், ரெட்டை நட்சத்திரம், பளிச்னு இருக்கிற நட்சத்திரக் கூட்டம் இவ்வளவுதான், இதுவே பல வருஷத்துக்குப் போதும்.

முதல் வேலை: காலண்டர எடுங்க

கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல தொங்குற தமிழ் தினசரி காலண்டரப் பாருங்க, சும்மா சொல்லல, டெலஸ்கோப் வச்சிருக்கிறவனுக்கு அத விட உருப்படியான அட்டவணை கிடையாது. வளர்பிறை சப்தமி அஷ்டமி நவமி இந்த மூணு நாள் நிலாவுக்கு. பாதி நிலா இருக்கும்போதுதான் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டுல பள்ளம் மலையெல்லாம் நீளமா நிழல் விழுந்து எடுப்பாத் தெரியும். பௌர்ணமி அன்னிக்கு நிலாவப் பாத்தா வெள்ளையா தட்டையா இருக்கும், கண்ணும் கூசும், ஒன்னும் ரசிக்க முடியாது. நட்சத்திரக் கூட்டம் பாக்கணும்னா அமாவாசைக்கு முன்னாடி பின்னாடி ஒரு வாரம். ஊர்ல அச்சடிச்ச காலண்டர்னா திதி நேரமெல்லாம் இந்திய நேரத்துல இருக்கும், நம்ம நேரத்துக்கு ரெண்டரை மணி நேரம் கூட்டிக்கணும்.

இன்னொரு வசதி, நம்ம திருவிழா நாளே நிலா எங்க நிக்குதுன்னு சொல்லிடும். தைப்பூசம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், திருக்கார்த்திகை எல்லாமே பௌர்ணமியை ஒட்டி வர்றது, அந்த ராத்திரிகள்ல டெலஸ்கோப்ப வெளிய எடுக்காம கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம். தைப்பூசத்தன்னிக்கு முழு நிலா கடக ராசிப் பக்கம் பூச நட்சத்திரத்துக்கிட்ட இருக்கும், நிலா வெளிச்சத்துல அங்க வேற ஒன்னும் தெரியாது, ஆனா இடத்த மனசுல வச்சுக்கிட்டு ஒரு வாரம் கழிச்சு நிலா லேட்டா உதிக்க ஆரம்பிச்சதும் அதே இடத்துல பைனாகுலரத் திருப்பினா எம்44ன்னு சொல்ற தேனடைக் கூட்டம் பொடிப் பொடியா நட்சத்திரத்தோட நிக்கும். தீபாவளி மட்டும் அமாவாசையை ஒட்டி வருது, நல்ல இருட்டு, ஆனா அந்த நேரம் மழையும் ஆரம்பிச்சுடும். என்ன பண்றது.

எங்க வச்சுப் பாக்கிறது

தோட்டம் துரவு இருக்கிற தரை வீடு வச்சிருக்கிறவங்க இந்தப் பகுதியத் தாண்டிப் போயிடலாம். மத்தவங்களுக்கு: காரிடார் வேண்டாம். மேல தளம் மறைக்கும், பாதி வானம்தான் கிடைக்கும், எதிர் பிளாக்குக்காரங்க நீங்க அவங்க வீட்டு ஜன்னலத்தான் பாக்குறீங்கன்னு நினைச்சுப்பாங்க, அதுல வர்ற வம்பு உங்களுக்குத் தேவையா. போற வழியில பொருள் வச்சு அடைக்கவும் கூடாது.

பக்கத்துல மல்டி ஸ்டோரி கார்பார்க் மேல தோட்டம் இருந்தா போய்ப் பாருங்க, வானம் திறந்து கிடக்கும். ஒரு பிரச்சனை என்னன்னா பகல் பூரா வெயில் குடிச்ச சிமெண்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் சூடு கக்கிக்கிட்டே இருக்கும், அந்தச் சூட்டுல கிரகம் அலையலையா நெளியும். புல்லு மைதானம் இத விட மேல். லைட் கம்பம் நேரா கண்ணுல அடிக்காத மூலையா, பிளாக்கோட நிழல்ல நில்லுங்க. முழு இருட்டத் தேடாதீங்க, நேரா கண்ணுல படுற லைட்ட மட்டும் மறைச்சாலே கிரகத்துக்குப் போதும். சிலர் தலைக்கு மேல கருப்புத் துணி போட்டுக்கிட்டுப் பாப்பாங்க, வேடிக்கையா இருந்தாலும் வேலை செய்யுது.

தென் வானத்துக்கு ஈஸ்ட் கோஸ்ட் பார்க். கடல் தெற்குப் பக்கமா இருக்கிறதால பிளாக் எதுவும் மறைக்காது, நங்கூரம் போட்ட கப்பலோட லைட்டுதான் வரிசையா நிக்கும், அதுக்கு மேல கொஞ்சம் கண்ண உயர்த்தினா போதும். மரினா பராஜ் மேல புல்தரையும் அகலமான வானம்தான், கூட்டமும் வெளிச்சமும் அதிகம். லிம் சூ காங் பக்கம் கொஞ்சம் இருட்டு, ஆனா தனியாப் போகாதீங்க, வண்டி இல்லாம திரும்பி வர்றதும் கஷ்டம்.

கொசு மருந்து தடவிட்டுப் போங்க, தடவின கையோட கண்ணாடியையோ ஐபீஸையோ (கண்ணு வச்சுப் பாக்கிற, கழட்டி மாத்துற குட்டி லென்ஸ்) தொடாதீங்க, மருந்துல இருக்கிற டீட்ங்கிற ரசாயனம் பிளாஸ்டிக்கையே அரிக்கும்.

என்ன வாங்கலாம்

பெட்டியில 525 மடங்குன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தா அந்த டெலஸ்கோப்ப வாங்காதீங்க, அவ்வளவுதான் விதி. கண்ணாடியோட அகலம் எத்தனை மில்லிமீட்டரோ அத ரெண்டால பெருக்குங்க, அத்தனை மடங்குதான் உச்சம், அதுக்கு மேல போனா மங்கின பெரிய உருவம்தான் வரும்.

ஒன்னுமே இல்லாதவங்க 10x50 இல்லன்னா 7x50 பைனாகுலர் (முதல் எண் எத்தனை மடங்கு, ரெண்டாவது முன் லென்ஸோட அகலம் மில்லிமீட்டர்ல) ஒன்னு வாங்கி ஒரு மூணு நாலு மாசம் வானத்தப் பழகுங்க, பின்னாடி டெலஸ்கோப் வந்தாலும் அது வீணாகாது. டெலஸ்கோப்புன்னா என்னோட ஓட்டு டாப்சோனியனுக்குத்தான், கீழ ஒரு மரப்பெட்டி, மேல ஒரு குழாய், கையால தள்ளித் திருப்ப வேண்டியதுதான், மோட்டார் வயர் எதுவும் கிடையாது, குடுக்கிற காசுக்குப் பெரிய கண்ணாடி கிடைக்கும். 8 இஞ்ச் டாப் (டாப்சோனியனச் சுருக்கி அப்படித்தான் சொல்றது) அருமையா இருக்கும், ஆனா மொத்தமா இருபது கிலோவ நெருங்கும், லிஃப்ட்டுல இறக்கி ட்ராலியில தள்ளி ரோடு தாண்டி எடுத்துட்டுப் போகணும். உங்க லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்குமா, வீட்டுல எங்க வைப்பீங்க, இதெல்லாம் யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க. 6 இஞ்ச் கொஞ்சம் சுலபம். தோள்ல மாட்டிக்கிட்டு எம்ஆர்டியில போகணும்னா 80 மில்லிமீட்டர் ரிஃப்ராக்டர் (முன்னாடி லென்ஸ் வச்ச டெலஸ்கோப்), இல்லன்னா மேசை மேல வைக்கிற குட்டி டாப். வாரத்துல ஒரு நாள் வெளிய போற சின்ன டெலஸ்கோப், வருஷத்துக்கு ஒரு தடவை கட்டிலுக்கு அடியில இருந்து வர்ற பெருசவிட மேல்.

இக்வடோரியல் மவுண்ட், அதாவது பூமி சுத்துறதுக்கு ஏத்தாப்புல சாய்ஞ்ச அச்சுல திரும்புற ஸ்டாண்ட், வேண்டாம்னு அழுத்திச் சொல்றேன். அத துருவ நட்சத்திரத்துக்கு நேரா நிறுத்தணும், நமக்கு துருவ நட்சத்திரம் அடிவானத்துல ஒரு டிகிரிக்குப் பக்கத்துலதான் இருக்கு, பிளாக்கும் மேகமும் மறைக்கிறதால கண்ணுலயே படாது. பல மவுண்ட் அவ்வளவு கீழ சாயவும் சாயாது, சாய்ஞ்சா எடைக்கட்டி போய் ஸ்டாண்ட் கால்ல இடிக்கும். வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு வாங்கிடாதீங்க.

முதல் ராத்திரிக்கு முன்னாடி, பகல்லயே

பகல்லயே ஃபைண்டர (குழாய் மேல இருக்கிற, குறி பாக்கிறதுக்கான குட்டிக் கருவி) சரி பண்ணிடுங்க, ராத்திரியில இருட்டுல ஸ்க்ரூ தேடி அல்லாட வேண்டாம். தூரத்துல இருக்கிற கிரேன் உச்சியோ கட்டடத்து மேல சிவப்பு லைட்டோ எதாவது ஒன்ன 25 மில்லிமீட்டர் ஐபீஸ்ல நடுவுல கொண்டு வாங்க, அப்புறம் ஃபைண்டர்லயும் அதே உச்சி நடுவுல வர்ற வரைக்கும் திருகுங்க. சூரியன் பக்கம் மட்டும் குழாயத் திருப்பவே கூடாது. சூரியனப் பாக்கணும்னா முன் பக்க வாய் முழுசும் மூடுற சோலார் ஃபில்டர் போட்டுத்தான், ஐபீஸ்ல திருகுற சின்ன ஃபில்டர் குடுத்தா தூக்கி எறியுங்க, ஃபைண்டருக்கும் மூடி போடணும். 2019 டிசம்பர் 26ல வளைய சூரிய கிரகணம் நம்ம ஊருக்கு நேரா வந்தப்ப இந்த ஃபில்டர் வச்சிருந்தவங்க கொடுத்து வச்சவங்க.

சாயந்திரம் ஏழு மணி சுமாருக்கு சூரியன் மறையும், வருஷம் பூரா இருபது முப்பது நிமிஷம்தான் முன்ன பின்ன. எட்டேகால் மணிக்கு இங்க எவ்வளவு இருட்டணுமோ அவ்வளவு இருட்டிடும். கோடைகாலத்துல பத்து மணி வரைக்கும் காத்திருக்கிற ஐரோப்பாக்காரன் பாடு நமக்கு இல்ல, பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிட்டு ஸ்கூல் நாள்லயே நேரத்தோட திரும்பிடலாம்.

ஏர்கான் ரூம்ல இருந்து டெலஸ்கோப்ப நேரா வெளிய எடுத்தா கண்ணாடி பூரா பனி படிஞ்சு போகும், இங்க ஈரப்பதம் அப்படி. துடைக்காதீங்க, கீறல் விழும். ஒரு மணி நேரம் முன்னாடியே ஏர்கான் இல்லாத ஹால்ல மூடியோட வச்சுட்டீங்கன்னா பிரச்சனை இல்ல.

இடத்துக்குப் போனதும் பெரிய எண் ஐபீஸ்தான் முதல்ல, எண்ணு கூடினா உருப்பெருக்கம் குறையும். 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம் (கண்ணாடியில இருந்து படம் குவியுற இடம் வரைக்கும் உள்ள தூரம்) உள்ள டாப்புல 25 போட்டா, 1200ஐ 25ஆல வகுத்து 48 மடங்கு, 10 போட்டா 120 மடங்கு. 25ல நடுவுல பிடிச்சு ஃபோகஸ் பண்ணிட்டு அப்புறம் 10க்கு மாத்துங்க. மாத்தின உடனே கவனிப்பீங்க, வியாழன் ஓடும், ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்குப் போயிடும். அது பூமி சுத்துறதுதான், டெலஸ்கோப் ரிப்பேர் இல்ல. மெதுவா தள்ளிக்கிட்டே இருக்கணும், அது கைக்குப் பழகிடும். உருவம் தலைகீழா தெரியும், அதுவும் அப்படித்தான்.

நம்ம ஊருக்கே உள்ள ஒரு சிக்கல்: டாப்சோனியன தலைக்கு நேர் மேல திருப்பினா பக்கவாட்டுல தள்ளவே வராது, குழாய் செங்குத்தா நிக்கிறதால எந்தப் பக்கம் தள்ளினாலும் அதே இடத்துல சுத்தும். நமக்கோ நல்ல சரக்கெல்லாம் தலைக்கு மேலதான் வருது. அதனால உச்சிக்கு வர்றதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியோ இறங்கின பிறகோ பாத்துக்கங்க.

மழையும் வானமும், மாசம் மாசமா

இங்க வசந்தம் இலையுதிர்காலம்லாம் இல்ல, ரெண்டு பருவக்காத்தும் நடுவுல ரெண்டு இடைவெளியும்தான், அத வச்சுத்தான் கணக்கு. கீழ நான் சொல்றதெல்லாம் ராத்திரி ஒன்பது மணி வானம்.

டிசம்பர் ஜனவரி வடகிழக்குப் பருவக்காத்து, விட்டு விட்டு நாள் கணக்கா அடிக்கும், ரொம்ப எதிர்பார்க்காதீங்க. பிப்ரவரிதான் பொன்னான மாசம், அதே பருவக்காத்தோட காய்ஞ்ச பாதி. ஓரியன்ங்கிற வேட்டைக்காரன் நட்சத்திர மண்டலம் நேரா உச்சியில, அதுல சிவப்பா இருக்கிறது நம்ம திருவாதிரை, ரோகிணியும் கார்த்திகைக் கூட்டமும் மேற்கால இறங்கிக்கிட்டு இருக்கும். ஓரியன் இடுப்புப் பட்டையில இருந்து தொங்குற வாள் நடுவுல ஓரியன் நெபுலா, சிங்கப்பூர் வெளிச்சத்தையும் மீறித் தெரியுற ஒரே நெபுலான்னே சொல்லலாம், கலர் தெரியாது, சாம்பல் நிறத்துல விசிறி விரிச்சாப்புல இருக்கும், நடுவுல நாலு குட்டி நட்சத்திரம் நெருக்கமா நிக்கும், அத எண்ணிப் பாருங்க. தெற்குல, ராத்திரி வானத்துலயே பளிச்சான நட்சத்திரமான சிரியஸுக்கு அப்புறம் அடுத்த பளிச் நட்சத்திரம் அகத்தியர், அதான் கனோபஸ்.

மார்ச் கடைசியில இருந்து மே வரைக்கும் இடைப்பருவம், மத்தியானம் இடி மழை கொட்டிட்டு ராத்திரி பல நாள் கழுவி விட்டாப்புல இருக்கும். மழை ஓய்ஞ்சதும் ரேடார் ஆப்ப ஒரு தடவை பாத்துட்டு இறங்குங்க.

மே கடைசி ஜூன் முதல், இதத்தான் நான் சிங்கப்பூர்காரங்க தவற விடக்கூடாதுன்னு சொல்வேன். ஈஸ்ட் கோஸ்ட்ல தெற்குப் பாத்து நின்னா கப்பல் லைட்டுக்கு மேல தென்சிலுவை நிமிர்ந்து நிக்கும், இடது பக்கம் ரெண்டு பளிச் நட்சத்திரம் அதுக்குக் காவல். வலது பக்கம் இதே வடிவத்துல கொஞ்சம் பெருசா மங்கலா ஒரு போலிச் சிலுவை இருக்கு, ஏமாறாதீங்க, காவல் ரெண்டும் இருக்கிறதுதான் நெசம். அந்தக் காவல்ல தள்ளி இடது ஓரத்துல இருக்கிறது ஆல்ஃபா செண்டாரி, 4.3 ஒளியாண்டு தூரத்துல நம்ம பக்கத்து வீடு. வெறும் கண்ணுக்கு ஒன்னு, சின்ன ரிஃப்ராக்டர்லயே நூறு மடங்குல ரெண்டு மஞ்சள் புள்ளியாப் பிரியும். தென்சிலுவையோட இடது கை நட்சத்திரத்துக்கு ஒட்டி ஜுவல் பாக்ஸ்ங்கிற கூட்டம், நடுவுல ஒன்னே ஒன்னு ஆரஞ்சு. இன்னும் மேல ஒமேகா செண்டாரி, லட்சக்கணக்கான நட்சத்திரம் உருண்டையாத் திரண்டது, 8 இஞ்ச்ல பாத்தா கருப்புத் துணியில ரவை சிந்தினாப்புல ஓரத்துல தனித்தனியாத் தெரிய ஆரம்பிக்கும்.

அப்படியே திரும்பி வடக்கப் பாருங்க. சப்தரிஷி மண்டலம் கவுந்து நிக்கும், அதோட வால்ல நடுவுல வசிஷ்டர், ஒட்டினாப்புல அருந்ததி. கல்யாணத்துல பட்டப்பகல்ல மண்டபத்துக்கு வெளிய கூட்டிட்டுப் போய் ஐயர் கைகாட்ட எல்லாரும் தெரியுது தெரியுதுன்னு தலையாட்டினோமே, அதேதான். வெறும் கண்ணுக்கு இங்க அருந்ததி பல நாள் தெரியாது, பைனாகுலர்ல சுலபம். டெலஸ்கோப்ப வச்சா வேடிக்கை, வசிஷ்டரே ரெண்டாப் பிரிவார், அருந்ததி கொஞ்சம் தள்ளித் தனியா இருப்பாங்க. வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கு முதல்ல இதக் காட்டுங்க, அப்புறம் டெலஸ்கோப் செலவப் பத்திப் பேச்சே வராது.

ஜூன் முதல் செப்டம்பர் தென்மேற்குப் பருவக்காத்து. சுமத்ரா பக்கமிருந்து வர்ற புயல்காத்து விடியக்காலையிலதான் அதிகம் அடிக்கும், ராத்திரி தப்பிச்சுக்கும். ஜூலை ஆகஸ்ட்ல விருச்சிகம் முழு உருவமா தெற்கு உச்சியில, நெஞ்சுல சிவப்பா கேட்டை, கொடுக்குக்குப் பக்கத்துல எம்6, எம்7ன்னு ரெண்டு கூட்டம், பைனாகுலருக்கு ஏத்த சரக்கு. செப்டம்பர்ல வடக்கு உச்சியில அல்பிரியோங்கிற ரெட்டை நட்சத்திரம், ஒன்னு தங்க நிறம் இன்னொன்னு நீலம், பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தோனேசியாவுல காடு எரியுற வருஷம்னா ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் புகைமூட்டம், பிஎஸ்ஐ கூடின நாள்ல வானத்த விட நுரையீரல் முக்கியம், வீட்டுல இருங்க.

அக்டோபர் நவம்பர்ல பளிச் நட்சத்திரம் கம்மி, மேகம் ஜாஸ்தி. கிழக்குல கார்த்திகைக் கூட்டம் ஏறி வரும், அத வச்சு ஒப்பேத்திக்க வேண்டியதுதான்.

கிரகம் எப்ப வரும்

கிரகத்துக்கு மேல சொன்ன மாசக் கணக்கு ஒத்து வராது, அது நகர்ந்துக்கிட்டே இருக்கும். வியாழன் சுமார் பதிமூணு மாசத்துக்கு ஒரு தடவை நமக்கு நேரா பெருசா வரும், சனி வருஷத்துக்கு ரெண்டு வாரம் தள்ளித் தள்ளி, செவ்வாய்க்கு ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருக்கணும், அடுத்தது 2027 பிப்ரவரி. ஸ்டெல்லேரியம் ஆப்ப ஃபோன்ல போட்டுக்கிட்டா இன்னிக்கு எது எங்கன்னு காட்டிடும். வியாழன்ல நாலு நிலா ஒரே வரிசையில நிக்கும், எட்டரைக்கு ஒரு படம் வரைஞ்சு வச்சுட்டு கோப்பி குடிச்சுட்டு வந்து பத்தரைக்குப் பாத்தா ஏதாவது ஒன்னு இடம் மாறியிருக்கும். சனியோட வளையம் 2025 மார்ச்ல நமக்குப் பக்கவாட்டா வந்து கோடாப் போச்சு, இப்ப வருஷத்துக்கு வருஷம் திறந்துக்கிட்டு வருது, 2030களோட தொடக்கம் வரைக்கும் நல்லா விரியும், அதனால போன தடவை பாத்துட்டு இவ்வளவுதானான்னு விட்டவங்க திரும்பப் பாருங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை எட்டிப் பாக்கணும்னா ஜூரோங் ஈஸ்ட் சயின்ஸ் சென்டர் அப்சர்வேட்டரியில வெள்ளிக்கிழமை ராத்திரி பொதுமக்களுக்குக் காட்டுறது வழக்கம், கிளம்புறதுக்கு முன்னாடி அன்னிக்கு நடக்குதான்னு அவங்க வெப்சைட்ல பாத்துக்கங்க. நல்ல இருட்டுதான் வேணும்னா காஸ்வே தாண்டி மலேசியாவுல மெர்சிங் பக்கம் போகணும், அங்க போனா ஒமேகா செண்டாரி வெறும் கண்ணுக்கே படும். டெலஸ்கோப் வாங்கின ரசீத ஃபோன்ல படம் பிடிச்சு வச்சுக்கங்க, திரும்பி வரும்போது கஸ்டம்ஸ்ல கேட்டா காட்டலாம்.

வீட்டுக்கு வந்ததும் தூங்கப் போற அவசரத்துல அப்படியே பையில போட்டு மூடிடாதீங்க, ஈரம் உள்ள நின்னா சில மாசத்துலயே லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும், பிடிச்சா போகாது. ஃபேன் காத்துல கொஞ்ச நேரம் திறந்து வச்சு, காய்ஞ்சதும் குழாய்க்கு மூடி போட்டு, ஐபீஸ் எல்லாத்தையும் கேமராக்காரங்க வச்சிருக்கிற ட்ரை கேபினெட்ல 40லிருந்து 50 சதவீத ஈரப்பதத்துல வைங்க. கேபினெட் இல்லைன்னா காத்துப் போகாத பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வச்சாலும் சரிதான், ஜெல் நிறம் மாறினா மாத்திடணும்.